ரூத்துக்காக நான் சொல்லி வைத்த ஒரு வார்த்தை

மண்டப வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு,

எந்தத் திறப்பு எந்தக் கதவுக்கு, அலாரத்தை எப்படி நிறுத்துவது, கதிரைகளை எத்தனை எத்தனையாக அடுக்குவது என்பதெல்லாம் உங்களுக்குத் தந்த கோப்பில் இருக்கிறது. அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. அந்தக் கோப்பை நான் முழுக்க வாசித்ததும் இல்லை. ஊரில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஆங்கிலத்தில் என் பெயரையும், கதவில் எழுதியிருக்கும் இரண்டு மூன்று சொற்களையும் வாசிப்பேன். அதை வைத்துக்கொண்டே மெல்பேர்னில் டார்னெய்ட்டுக்குக் கிட்ட ஒரு சமூக மண்டபத்தைப் பத்தொன்பது வருடம் பார்த்துக்கொண்டேன். ஒரு நாளாவது பிந்தித் திறந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. இன்றைக்கும் அந்த வீதியால் பஸ்ஸில் போனால், ஜன்னல் கண்ணாடி துடைத்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். இப்போது துடைப்பது போதாது. அதையும் சொல்லி வைக்கிறேன்.

முன்பதிவுப் பலகையை வாசிக்கத் தெரியாததால், வருகிற ஆட்களைக் கதிரையால் அடையாளம் வைத்தேன். வயதானவர்களின் தேகப்பயிற்சிக்கு வட்டம். நேபாளப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு எல்லாக் கதிரையும் சுவரோரம். எங்கள் தமிழ் விழாக்களுக்கு முன்வரிசையில் பதினைந்து மெத்தைக் கதிரை, அதற்குப் பின்னால் பிளாஸ்டிக். முன்வரிசையில் யார் இருப்பது என்பதில் ஒவ்வொரு வருடமும் ஒரு சண்டை.

ஆபிரிக்கப் பொது அவை வந்தபோதுதான் எனக்குப் புதினமாக இருந்தது. கானா, கென்யா, எரித்திரியா, கொங்கோ, நைஜீரியா என்று அந்த மக்களுக்கு மெல்பேர்னில் நாட்டுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அந்தச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பொது அவை வைத்திருந்தன. ஒரு சங்கத்துக்குள் ஒருவருக்கு அநியாயம் நடந்தால் அவர் பொது அவையிடம் வரலாம். மூன்று பேர் இருந்து இரண்டு பக்கத்தையும் கேட்பார்கள். அந்த மூவரில் ஒருவரும் முறைப்பாடு வந்த சங்கத்தின் நாட்டவராக இருக்கக்கூடாது.

அவர்களுக்குக் கதிரை போடும் முறை இது. ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் மூன்று கதிரை, முன்னால் இரண்டு. முன்னால் உள்ள இரண்டும் அச்சுக் குலையாமல் ஒரே மாதிரி இருக்க வேண்டும். தலைமை தாங்கும் அம்மா தன் சப்பாத்தால் அடி வைத்து அளப்பார். மேசையிலிருந்து இந்தக் கதிரைக்கு ஆறு அடி, அந்தக் கதிரைக்கும் ஆறு அடி. ஒன்றின் கால் ஆடினால் இரண்டையும் மாற்றச் சொல்வார். தண்ணீர்க் கிளாஸும் ஒரே சோடியாக வேண்டும். என் குசினியில், அதாவது மண்டபச் சமையலறையில், இருந்த ஒரே ஒரு நல்ல கிளாஸை ஒரு சங்கத் தலைவர் பக்கம் வைத்தேன் என்று ஒருநாள் அதைத் திருப்பி என் கையில் தந்தார்.

அவர் தன்சானியாக்காரி. அங்கே நீதவானாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் அவரை 'மாமா' என்பார்கள், அவர்கள் மொழியில் அது அம்மா. எனக்கு ஒரு பெண்ணை அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை. 'அக்கா' என்றேன். அதன் கருத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தான் என்னைவிட மூப்பா என்று கேட்டார். வயதைச் சொல்லிப் பார்த்தால் நான்தான் நாலு வயது மூப்பு. ஆனால் பெயர் ஒட்டிவிட்டது. நாங்கள் பேசியதெல்லாம் உடைந்த ஆங்கிலம், உடைத்தது நான். இங்கே எல்லாரும் என் தமிழில்தான் பேசுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் முடிந்தபின் அக்கா துவாய் எடுத்துக் கோப்பை துடைக்க வருவார். நான் கேள்வி கேட்பேன். எனக்குப் படிப்பு இல்லையே தவிர விடுப்புக் கேட்பதில், அதுதான் ஊர்ப் புதினம் துருவுவதில், குறைவில்லை. சொந்த நாட்டு ஆட்கள் இருக்க ஏன் வேறு நாட்டார் வந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அங்கே ஆபிரிக்க நாடுகள் சேர்ந்து மனித உரிமைக்கு ஒரு பொது நீதிமன்றம் வைத்திருப்பதாகவும், ஒரு நாட்டின் வழக்கு வந்தால் அந்த நாட்டு நீதிபதி எழுந்து வெளியே போய்விடுவார் என்றும் சொன்னார். அதுமட்டுமல்ல, ஒரு நாடு தன்னை எப்படி ஆளுகிறது என்று மற்ற நாட்டார் வந்து பார்த்துக் குறை சொல்ல, அந்த நாடே கூப்பிடுகிற ஒரு முறையும் உண்டாம்.

எனக்கு நம்ப முடியவில்லை. "பக்கத்து வீட்டாள் வந்து என்ர சட்டியைத் திறந்து பார்க்க நான் விடுவனே?" என்று கேட்டேன்.

"கதவைச் சாத்தினவையும் இருக்கினம்," என்றார் அக்கா. "கையெழுத்து வைச்சுப் போட்டுப் பிறகு பின்வாங்கினவையும் இருக்கினம். ஆனா பார்க்கப் போறவை, வீட்டில தங்கட சட்டி எப்பிடிக் கிடக்கு எண்டு ஒருக்கா நினைச்சுக்கொண்டுதான் போவினம். அதுதான் அதில உள்ள நன்மை."

நான் அன்று வீட்டுக்குப் போய்ச் சட்டிகளை எல்லாம் தேய்த்தேன். சிரிக்க வேண்டாம், உண்மை.

இனி ரூத்தின் கதை. அவள் எந்த நாடு, எந்தச் சங்கம் என்று சொல்ல மாட்டேன். அது அவர்கள் வீட்டு விசயம். சனிக்கிழமைகளில் எங்கள் மண்டபத்தில், புதிதாக வந்த பெண்களுக்குப் படிவம் நிரப்பவும், கார் ஓட்டும் சோதனைக் கேள்விகளுக்கு விடை சொல்லவும் பழக்கினாள். நான் தேத்தண்ணி கொடுக்கிற சாட்டில் கடைசிக் கதிரையில் இருந்து, வீதி அடையாளங்கள் பாதியைப் படித்துவிட்டேன். என்னை 'அன்ரி' என்பாள். ஒருநாள் சங்கக் கூட்டத்தில், ஏன் இத்தனை வருடமாகத் தேர்தல் வைக்கவில்லை என்று எழுந்து தலைவரைக் கேட்டிருக்கிறாள். அடுத்த கிழமை கடிதம் வந்தது: நீ இனி உறுப்பினர் இல்லை. சனிக்கிழமைப் பதிவு சங்கத்தின் பெயரில் இருந்ததால் வகுப்பும் நின்றது. வாசலுக்கு வந்த பெண்களிடம் இன்று இல்லை என்று சொன்னது நான்தான்.

அவள் பொது அவைக்குப் போனாள். விசாரணை ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு. மூவர்: அக்கா, எரித்திரியாக்காரி ஒரு தாதி, சிட்னியில் இருந்து வந்த கானாக்காரர் ஒருவர். அவரைச் சிட்னி ஐயா என்று சொல்கிறேன்.

அன்று காலை எட்டரைக்கே ரூத் வந்து, இறங்காமல் காருக்குள் இருந்தாள். நான் போய்க் கண்ணாடியைத் தட்டிக் குசினிக்குக் கூட்டிவந்து, தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய்தான் குடித்தாள். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். அந்த நேரம் பார்த்துச் சிட்னி ஐயா தண்ணீர் கேட்டு உள்ளே வந்தார்.

பிள்ளைகளே, நான் வந்த இடத்தில் ஒரு காரியம் நடக்க வேண்டுமென்றால் தெரிந்த ஆளிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும். வைத்தியசாலையில் கட்டிலுக்கும் அப்படித்தான், பள்ளியில் இடத்துக்கும் அப்படித்தான். சண்டைக்காலத்தில் ஊரில் அகதி முகாமில் இருந்தபோது என் மகனுக்கு வெளியே போகப் பாஸ் கிடைத்தது, ஒரு தெரிந்த மனுசி அதிகாரியின் பெண்சாதியிடம் ஒரு வார்த்தை சொன்னதால்தான். அந்த மனுசியை இன்றும் கும்பிடுகிறேன். அதனால் நான் செய்ததை நான் பிழை என்றே நினைக்கவில்லை. ஒரு ஏழைப் பெண்ணுக்குச் செய்யும் புண்ணியம் என்று நினைத்தேன்.

தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே சொன்னேன். ரூத் தங்கமான பிள்ளை. அந்தத் தலைவர் சரியில்லாத ஆள். மண்டபத்தை அழுக்காக விட்டுப் போவார். கேட்டால் கத்துவார். மூன்று தரம் என்மேல் கத்தியிருக்கிறார்.

சிட்னி ஐயா தலையை ஆட்டிக் கேட்டார். "அப்பிடியோ," என்றார். கிளாஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான்.

விசாரணையைக் குசினிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் இருக்கிற, சாப்பாடு கொடுக்கும் ஜன்னலால் பார்த்தேன். தலைவருக்கு அரை மணி, ரூத்துக்கு அரை மணி. முட்டை அவிக்க நேரம் பார்க்க நான் வைத்திருந்த மணியை அக்கா வாங்கி மேசையில் வைத்திருந்தார். தலைவர் பெரிய உடம்பு, பெரிய குரல். அவர் பேசும்போதும் அக்காவின் முகம் ஒரே மாதிரி, ரூத் பேசும்போதும் ஒரே மாதிரி. யார் பக்கம் சாய்கிறார் என்று பிடிக்க நான் எவ்வளவு முயன்றும் முடியவில்லை. பிறகு மூவரும் சின்ன அறைக்குள் போய் ஒரு மணித்தியாலம் இருந்தார்கள். வந்து சொன்னார்கள்: மூவரில் இருவர் ரூத்தின் பக்கம், ஒருவர் இல்லை. யார் எது என்று சொல்வதில்லை. ரூத்தை நீக்கியது செல்லாது.

ரூத் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பின்னால் இருந்த பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள். எங்கள் ஆட்கள் மட்டுமே குலவை போடுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

என்னோடு வேலை செய்தவள் கோதை, மதுரைப் பக்கத்துப் பிள்ளை. கோப்பை கழுவிக்கொண்டிருந்தவளிடம், பெருமை தாங்காமல், காலையில் நான் சொல்லி வைத்ததைச் சொன்னேன். அவள் குழாயை மூடிவிட்டாள்.

"என்ன ஆன்ட்டி பண்ணி வச்சிருக்கீங்க. அவரு ஜட்ஜு மாதிரி. அவருகிட்ட போய்..."

"நல்லதுதானே நடந்தது," என்றேன்.

"நடந்துச்சு, சரி. அப்ப அதோட விடுங்க. வெளிய மூச்சு விடாதீங்க. மனசு கேக்கலைன்னா பேசின் ஊரு கோயில் பிள்ளையாருக்கு ஒரு தேங்கா ஒடச்சிருங்க, போயிரும்."

"பேசின் எங்க கிடக்கு, நாங்க எங்க கிடக்கிறம்? மூண்டு பஸ் மாறோணும்."

"அப்ப எங்க வீட்டுப் பிள்ளையாருக்கே ஒடைங்க. சாமி ஒண்ணுதான்."

சிரித்தோம். அந்தச் சிரிப்போடு முடிந்திருக்கும். ஆனால் அந்த நேரம் ஜன்னலில் தலைவர் வந்து நின்றார். தன் தண்ணீர்க் கிளாஸைத் தானே கொண்டுவந்து தந்தார். அதற்கு முன் அவர் ஒரு கரண்டியைக் கூடக் கொண்டுவந்து தந்ததில்லை. முகம் வாடியிருந்தது. நான் கிளாஸை வாங்கினேன். அவராகவே சொன்னார்.

"நான் தோத்திட்டன். ஆனா என்னையும் அவளையும் ஒரே அளவாக் கேட்டவை. வெளியில என்ர ஆக்கள் கோவமா நிக்கினம். அவையிட்ட அதைத்தான் சொல்லப் போறன்."

சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.

அந்த மனுசனை எனக்குப் பிடிக்காது, அன்றும் பிடிக்கவில்லை. ஆனால் அவர் இல்லாத இடத்தில், அவரைப் பற்றி, தீர்ப்புச் சொல்லும் ஆளிடம் நான் பேசியிருக்கிறேன். அவர் அது தெரியாமல், எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று தன் ஆட்களுக்குச் சொல்லப் போகிறார். முகாமில் பாஸ் கிடைத்த நாளில், வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்களைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. அவர்களுக்காக வார்த்தை சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அவர்கள் அங்கேயே நின்றார்கள். அது அந்த ஜன்னலில்தான் எனக்கு முதன்முதலாகத் தெரிந்தது.

இந்த இடத்தில் எனக்கு யோசிக்க அதிக நேரம் இருக்கவில்லை. சொன்னால் ரூத்தின் வெற்றி போகும். என் வேலையும் போகலாம். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது, என்னைத் தவிர. தலைவர் வாசலுக்குப் போக இருபது அடி இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு நேரே அக்காவிடம் போனேன்.

"அக்கா, காலமை நான் சிட்னி ஐயாவிட்ட ரூத்துக்காக ஒரு சொல்லுச் சொன்னனான்."

அக்கா என்னைத் திட்டவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. வாசலைப் பார்த்து எல்லாரையும் நிற்கச் சொன்னார். தலைவரையும் ரூத்தையும் அதே இரண்டு கதிரையில் இருக்கச் சொன்னார். என்னை நடுவில் நிற்க வைத்து, அவர்கள் இருவருக்கும் கேட்கும்படி, என்ன சொன்னாய் என்று கேட்டார். எரித்திரியாத் தாதி எழுதினார்.

எழுதியதில் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். வாசிக்கத் தெரியாத கடதாசியில் நான் கையெழுத்து வைப்பதில்லை. அந்தப் பழக்கத்தை நீங்களும் வைத்திருங்கள். வாசித்துக் காட்டுங்கள் என்றேன். வாசித்தார்கள். அதில், தலைவர் கெட்டவர் என்று நான் சொன்னதாக இருந்தது. இல்லை, சரியில்லாத ஆள் என்று சொன்னேன், மாற்றுங்கள் என்றேன். மூன்று தரம் கத்தினார் என்று சொன்னதாக இருந்தது. அது நான் சொன்னதுதான்.

"அப்பிடிச் சொன்னனான். ஆனா அவர் கத்தினது ஒருதரம்தான். அதையும் எழுதுங்கோ," என்றேன்.

தலைவர் என்னைப் பார்த்தார். பத்தொன்பது வருடத்தில் என் முகம் அவ்வளவு சூடானது அன்றைக்குத்தான்.

சிட்னி ஐயா எழுந்து, இந்த அம்மா சொன்னது உண்மை, நான் உடனே அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும், சின்ன விசயம் என்று விட்டுவிட்டேன் என்றார். தீர்ப்பு இல்லை என்றாயிற்று. மூன்று கிழமை கழித்து, புதிதாக மூன்று பேர் இருந்து முதலிலிருந்து கேட்பார்கள். தானும் இருக்க மாட்டேன் என்றார் அக்கா, ஒருமுறை முடிவு சொன்ன காதுக்கு இரண்டாம் முறை புதிதாகக் கேட்காது என்று.

ரூத் என்னிடம் வந்தாள். "ஏன் அன்ரி?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அந்தக் கேள்வி, ஏன் முதலில் சொன்னாய் என்பதா, ஏன் பிறகு சொன்னாய் என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மூன்று கிழமையும் அவள் என்னோடு பேசவில்லை. கோதை பேசினாள், நிறையப் பேசினாள். நல்லது பண்ணப் போய் அதைக் கெடுத்து, கெடுத்ததைச் சரி பண்ணப் போய் மறுபடியும் கெடுத்த ஒரே ஆள் நீங்கதான் ஆன்ட்டி என்றாள்.

மண்டபத்தை நடத்தும் நகரசபை என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதையும் வாசித்துக் காட்டச் சொல்லித்தான் வாங்கினேன்.

அதனால் பிள்ளைகளே, உங்களிடம் இரண்டு பக்கத்தாரும் வருவார்கள். சங்கச் சண்டை, கோயில் சண்டை, தேர்தல் எல்லாம் மண்டபத்தில்தான் நடக்கும். குசினியில் நிற்கிறவர்களுக்கு அதிகாரம் இல்லை என்று நினைக்க வேண்டாம். எல்லாரும் தண்ணீர் குடிக்க வரும் இடம் அது. அழுகிறவருக்குக் கதிரை கொடுங்கள், தேத்தண்ணி கொடுங்கள். அவருக்காகப் பேச வேண்டுமென்று நெஞ்சு அடித்தால், மற்றவரும் கேட்கும் இடத்தில், எழுந்து நின்று பேசுங்கள். அங்கே சொல்லத் துணியாததைக் குசினியிலும் சொல்லாதீர்கள். வாய் தவறிச் சொல்லிவிட்டால், வாசல் கதவு பூட்டுமுன் போய்ச் சொல்லுங்கள். அடுத்த நாள் சொல்வது மிகக் கடினம். எனக்கு அன்று இருபது அடிதான் இருந்தது, அதுவே தூரமாக இருந்தது.

இரண்டாம் விசாரணை அன்று என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அது சரி. ஆனால் வீட்டில் இருக்க முடியவில்லை. மண்டபத்துக்கு எதிரே உள்ள பஸ் தரிப்பில் போய் இருந்தேன். அது பொது இடம், ஒருவரும் என்னை எழுப்ப முடியாது. பஸ் வந்து வந்து போனது. ஒரு சாரதி இரண்டாம் முறையும் என்னைக் கண்டு, வழி தெரியாமல் இருக்கிறேனோ என்று விசாரித்தார்.

ஒரு மணிபோல ஆட்கள் வெளியே வந்தார்கள். குலவைச் சத்தம் இல்லை. தலைவர் ஒருவரோடு கை கொடுத்துவிட்டுக் காருக்குப் போனார். அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. கடைசியாக ரூத் வந்தாள். என்னைக் கண்டாள். கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே நின்றாள். பிறகு வீதியைக் கடந்து வந்து பக்கத்தில் இருந்தாள்.

மூன்று பேரும் ஒரே முடிவு என்றாள். விளக்கம் கேட்காமல் நீக்கியதால் அது செல்லாது. தேர்தல் வைக்கத் தலைவருக்கு நாள் குறித்தாயிற்று. ஆனால் சங்கக் கூட்டத்தில் தலைவரின் குடும்ப விசயத்தையும் இழுத்துப் பேசியிருக்கிறாள். முதல் விசாரணையில் அதை ஒருவரும் கேட்கவில்லை. இந்தமுறை கேட்டார்கள். அதற்கு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டேன் என்றாள். அதைச் சொல்லும்போது குரல் இறங்கியது.

நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அன்ரி," என்றாள். "இந்தமுறை எனக்காக ஆரும் ஏதும் சொன்னவையோ?"

"நான் சொல்லேல்லை. கோதையும் சொல்லேல்லை. கேட்டுப் பார்த்தனான்."

"வேற ஆரும்?"

"இல்லைப் பிள்ளை. ஒருத்தரும் இல்லை."

அவள் நிமிர்ந்து இருந்து மண்டபத்தைப் பார்த்தாள்.

"அப்ப இது என்ரதான்," என்றாள்.